கட்டியும் ரத்தக்கட்டியும்: உறைதலைத் தடுக்கும் மருந்து எங்கே உதவும், எங்கே உதவாது

கர்ப்பப்பையில் வளர்ந்த சதையையும் காலின் ரத்தக்குழாயில் உறைந்துபோன ரத்தத்தையும் பேச்சுத் தமிழில் "கட்டி" என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். இரண்டும் ஒருவருக்கே இருக்கும்போது இந்தச் சொல் தொல்லை தருகிறது. "ஊசி போட்டால் கட்டி கரைந்துவிடுமா, டாக்டர்?" என்று கேட்பவர் எந்தக் கட்டியைக் கேட்கிறார் என்று மருத்துவர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எதைக் கேட்டாலும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான். ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவரோக்சபான் போன்ற மருந்துகள் சதைக்கட்டியைத் தொடுவதே இல்லை. உறைந்த ரத்தத்தையும் அவை நேரடியாகக் கரைப்பதில்லை. புதிதாக உறைவதைத் தடுத்து நிறுத்துகின்றன. ஏற்கெனவே உறைந்ததை உடலே தன் பிளாஸ்மின் நொதியைக் கொண்டு சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. "ரத்தத்தை மெலிய வைக்கும் மாத்திரை" என்ற பெயரும் பொருத்தமானதன்று. ரத்தத்தின் அடர்த்தி மாறுவதில்லை. அது உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நீள்கிறது.

புற்றுநோய்க்கும் ரத்தம் உறைதலுக்கும் உள்ள தொடர்பை 1865-இலேயே பாரிஸ் மருத்துவர் அர்மாண்ட் ட்ரூசோ விரிவாக எடுத்துரைத்தார். புற்றல்லாத சாதாரணக் கட்டிகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. அதற்கு நியாயமும் உண்டு. தோலடியில் உருளும் கொழுப்புக்கட்டியால் யாருக்கும் கால் வீங்குவதில்லை. பெரும்பாலான சாதாரணக் கட்டிகள் உறைதல் விவகாரத்தில் தலையிடுவதே இல்லை. தலையிடும் சில கட்டிகளும் ஒரே வழியில் தலையிடுவதில்லை. ஒன்று பக்கத்துச் சிரையை நசுக்குகிறது. வேறொன்று தானே ரத்தக்குழாய்களால் ஆனதாக இருந்து, தனக்குள் ரத்தத்தைத் தேக்கி உறையவிடுகிறது. இன்னொன்று, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களான பிளேட்லெட்டுகளை விழுங்குகிறது. மற்றொன்று தன் துணுக்குகளையே ரத்த ஓட்டத்தில் அனுப்புகிறது. ஒன்றில் உயிர்காக்கும் மருந்து அடுத்ததில் பயனற்றதாகவும், சில வேளைகளில் தீங்காகவும் முடிவது இதனால்தான்.

அதிகம் காணப்படுவதிலிருந்து தொடங்கலாம். ஃபைப்ராய்டு என்னும் கர்ப்பப்பை நார்க்கட்டி பெண்களிடையே மிகப் பரவலானது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கும் சிறிதும் பெரிதுமாக இது உருவாகிறது என்று மதிப்பிட்டது. இவற்றுள் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆனால் கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பத்தின் அளவுக்குப் பருத்துவிட்டால், இடுப்பெலும்பு வளையத்தின் விளிம்பில் கால்களிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவரும் இலியாக் சிரைகள் அதன் எடைக்கும் எலும்புக்கும் நடுவே சிக்கிக்கொள்கின்றன. தமனியின் சுவர் தடித்தது, உள்ளே அழுத்தமும் அதிகம், அதனால் தாக்குப்பிடிக்கிறது. சிரையின் சுவரோ மெல்லியது, எளிதில் நசுங்கும். இடப்பக்கச் சிரையின் மேல் ஏற்கெனவே வலப்பக்கத் தமனி குறுக்கே ஏறிச் செல்வதால் அந்தப் பக்கத்துக்கு இயல்பாகவே இடம் குறைவு. ரத்த ஓட்டம் தேங்கினால் உறையும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரோடு சேர்ந்து நிலைபெற்றுவிட்ட பாடம்.

இந்தப் பெண்களில் சிலர் மருத்துவரிடம் வரும்போது வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு கால் மட்டும் தொடையிலிருந்தே வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் கனக்கிறது என்றுதான் வருகிறார்கள். இன்னும் சிலர் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று வருகிறார்கள். ரத்தம் உறைந்த துண்டு நுரையீரலுக்குப் போய்விட்ட நிலை அது. காலில் எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் தொடைச் சிரையை நன்றாகக் காட்டும். இடுப்புக்குள் இருக்கும் சிரையைக் குடல் வாயுவும் கட்டியும் மறைத்துவிடும். டாப்ளர் "இயல்பு" என்று வந்தும் ஒரு கால் முழுவதும் வீங்கியிருந்தால், சிரைகளைக் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவதே சரி.

உறைவு உறுதியானால் சிகிச்சை முதல் நாளே தொடங்கும். எனாக்சபரின் என்னும் குறைந்த மூலக்கூறு எடையுள்ள ஹெப்பாரினை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலடியில் போடுவது பழகிய முறை. பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரினே இதன் மூலப்பொருள். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் தெரியும் சிறு காற்றுக் குமிழியைப் பார்த்துப் பயந்து அதை வெளியேற்றப் போனால் மருந்தும் சேர்ந்து சிந்திவிடும். முழு சிரிஞ்சும் போடுவதானால் குமிழியை அப்படியே விட்டுவிட வேண்டும். தொப்புளிலிருந்து சற்றுத் தள்ளி, தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராகக் குத்தி, எடுத்த பிறகு தேய்க்காமல் விட வேண்டும். தேய்த்தால் அந்த இடத்தில் நீலம் பாரிக்கும். மாத்திரையாகவே தொடங்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ரிவரோக்சபான் என்றால் முதல் 21 நாட்கள் 15 மில்லிகிராம் இருவேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒருவேளை, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து முழுமையாக உடலில் சேராது. அபிக்சபான் என்றால் ஏழு நாட்கள் 10 மில்லிகிராம் இருவேளை, அதன்பின் 5 மில்லிகிராம் இருவேளை.

இதுவரை வழி நேரானது. மாதவிடாய் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபைப்ராய்டு இருப்பவருக்கு ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம். அதன்மேல் உறைதலைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்தால், இரண்டு மூன்று சுழற்சிகளிலேயே ஹீமோகுளோபின் சரிந்துவிடக்கூடும். புதிய மாத்திரைகளில் ரிவரோக்சபானில் இந்தத் தொல்லை அதிகமாகவும், அபிக்சபானில் அதைவிடக் குறைவாகவும் காணப்படுவதால், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது உதிரப்போக்கைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும். பல நேரங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

நம் ஊர் மருந்துக்கடைகளில் மாதவிடாய்ப் பெருக்குக்கு எளிதாகக் கிடைக்கும் ஒரு கூட்டு மாத்திரை உண்டு. டிரானெக்சாமிக் அமிலமும் மெஃபனமிக் அமிலமும் அதில் சேர்ந்திருக்கும். மற்றவர்களுக்குப் பயனுள்ள மருந்துதான். ஆனால் காலில் புதிதாக ரத்தம் உறைந்து சிகிச்சையில் இருப்பவருக்கு அது இருபுறமும் வெட்டும் கத்தி. டிரானெக்சாமிக் அமிலம், உறைவைக் கரைக்க உடல் வைத்திருக்கும் பிளாஸ்மின் வேலையையே தடுப்பது. கால் சிரையில் உறைவு கரைய வேண்டிய நேரத்தில் அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. மெஃபனமிக் அமிலமோ வலிநிவாரணி வகையைச் சேர்ந்தது. பிளேட்லெட்டின் செயலைக் குறைத்து, இரைப்பையையும் அரித்து, உறைதலைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டுகிறது. ஒரே மாத்திரைக்குள் ஒன்று உறைவின் பக்கமும் மற்றொன்று கசிவின் பக்கமும் இழுப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹார்மோன் மருந்தைப் பற்றிய பழைய அச்சம் ஓரளவு தளர்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ரத்தம் உறைவதைத் தூண்டும் என்பது உண்மை. அதனால் உறைவு கண்டறியப்பட்ட அன்றே அதை நிறுத்திவிடுவதே நெடுநாள் வழக்கம். ஆனால் 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, முழு அளவில் உறைதலைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஹார்மோன் மருந்தால் மறு உறைவு கூடவில்லை என்று காட்டியது. மருந்தின் பாதுகாப்பு இருக்கும்வரை ஹார்மோனைத் தொடரலாம், அந்தப் பாதுகாப்பை விலக்கும் முன்பே ஹார்மோனை நிறுத்திவிட வேண்டும் என்பது இப்போதைய அணுகுமுறை. புரோஜெஸ்டோஜன் வகை மாத்திரைகளும், லெவோநார்ஜெஸ்ட்ரல் கசியும் கருப்பைச் சாதனமும் வேறு வழிகள். ஆனால் கட்டி கர்ப்பப்பையின் உட்குழியைக் கோணலாக்கியிருந்தால் சாதனம் தங்காமல் வெளியே வந்துவிடக்கூடும். இவை எல்லாவற்றோடும் இரும்புச்சத்தும் தேவை.

கட்டியை எடுத்துவிட்டால் மூல காரணமே போய்விடும். அதை உடனே செய்ய முடியாததுதான் சங்கடம். உறைவு ஏற்பட்ட முதல் மாதத்தில் மருந்தை நிறுத்தினால் மீண்டும் உறையும் வாய்ப்பு மிக அதிகம். அறுவை சிகிச்சையோ மருந்தை நிறுத்தாமல் நடக்காது. ஆகவே முடிந்தவரை மூன்று மாதம் மருந்தைக் கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் லியூப்ரோலைடு போன்ற ஊசி மாதவிடாயை நிறுத்தி, கட்டியையும் ஓரளவு சுருக்கிக் கொடுக்கும். அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பு வார்ஃபரினையும், இரண்டு நாள் முன்பு புதிய மாத்திரைகளையும் நிறுத்துவது வழக்கம். முழு அளவு எனாக்சபரின் என்றால் கடைசி ஊசிக்கும் கத்திக்கும் 24 மணி நேர இடைவெளி வேண்டும். உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போய் மூன்று மாதம் காத்திருக்க இயலாதவர்களுக்கு, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் திரும்ப எடுத்துவிடக்கூடிய ஒரு வலைவடிகட்டியை வைத்து, உறைவு நுரையீரலுக்குப் போகாமல் தடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்வார்கள். அந்த வடிகட்டி தற்காலிகமானது என்பதை எல்லோரும் மறந்துவிடுவதும் உண்டு. அதை எடுக்கும் தேதியை வைக்கும்போதே குறித்துக்கொள்வது நல்லது.

அரிதான ஒரு கிளைக்கதையும் உண்டு. சில ஃபைப்ராய்டு கட்டிகள் எரித்ரோபொயட்டின் என்னும், பொதுவாகச் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோனைத் தாமே சுரக்கின்றன. உதிரம் நிறையப் போகும் பெண்ணிடம் நாம் ரத்தசோகையை எதிர்பார்க்கும் இடத்தில் ஹீமோகுளோபின் வழக்கத்தை மீறி உயர்ந்து நிற்கும். ரத்தம் உண்மையிலேயே தடித்து, உறையும் ஆபத்தும் கூடும். கட்டியை எடுத்தால் அது இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.

இனி ரத்தக்குழாய்க் கட்டிகள். ஸ்கேன் அறிக்கையில் "ஹெமாஞ்சியோமா" என்ற சொல்லைப் பார்க்காத குடும்பம் குறைவு. கல்லீரலில், முதுகெலும்பில், தோலில் என்று எதற்கும் அந்த ஒரே பெயர். கல்லீரலிலும் முதுகெலும்பிலும் தற்செயலாகக் கண்ணில்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மருந்தும் வேண்டியதில்லை. பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க 1982-இல் மல்லிக்கனும் குளோவாக்கியும் ஒரு பிரிவினையை முன்வைத்தார்கள்: செல்கள் பெருகி வளரும் உண்மையான கட்டி ஒருபுறம், பிறவியிலேயே ரத்தக்குழாய் கோணலாக உருவான அமைப்புக் குறை மறுபுறம். இந்தப் பிரிவினை வெறும் பாடநூல் விவகாரமாகத் தோன்றலாம். உறைதலைத் தடுக்கும் மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க இதில்தான் தொங்குகிறது.

சிரைகளின் அமைப்புக் குறையை முதலில் பார்ப்போம். கையிலோ தொடையிலோ நீல நிறத்தில் மெத்தென்று அமுங்கும் வீக்கம்; காலைத் தொங்கவிட்டால் பெருக்கும், உயர்த்தினால் சுருங்கும். அதைக் குடும்பத்தினர் கட்டி என்பார்கள், பழைய அறிக்கைகளும் ஹெமாஞ்சியோமா என்றே எழுதியிருக்கும். உண்மையில் அது சிரைகளின் பின்னல்தான். உள்ளே ரத்தம் மிக மெதுவாக நகர்வதால் ஆங்காங்கே சிறு உறைவுகள் உண்டாகி, காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து பட்டாணிபோல் இறுகிவிடும். எக்ஸ்ரேயில் வட்டக் கற்களாகத் தெரிபவை அவைதான். திடீரென ஓரிடம் இறுகி, தொட்டால் வலிக்கிறது என்பதன் பொருள் பெரும்பாலும் அங்கே புதிதாக உறைந்திருக்கிறது என்பதே. ரத்தப் பரிசோதனையில், உறைவு கரையும்போது வெளிவரும் துணுக்கான டி-டைமர் உயர்ந்திருக்கும். சிரைக்குறை உள்ளவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் அவ்வாறு காணப்படுகிறது. குறை பெரிதாக இருந்தால், உறைவுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் இயல்பான 2 முதல் 4 கிராமிலிருந்து லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழேயும் இறங்கும். பிளேட்லெட் சற்றே குறையும், சரிந்துவிடாது.

இங்கே ஹெப்பாரின் ஏற்ற மருந்து. தேங்கிய ரத்தத்தில் த்ராம்பின் என்னும் உறையவைக்கும் நொதி உண்டாகி, அது ஃபைப்ரினோஜனைச் செலவழிப்பதே நோயின் இயக்கம்; ஹெப்பாரின் அந்தத் த்ராம்பினை அடக்குகிறது. செலவு நின்றால் இருப்பு கூடுவதுபோல, சில நாட்களில் ஃபைப்ரினோஜன் மெல்ல ஏறும், வலியும் குறையும். ரத்தம் கசியும் ஆபத்துள்ளவருக்கு உறைதலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துக் கசிவைக் குறைப்பது முரணாகத் தோன்றினாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கோ, ஆல்கஹால் செலுத்திச் சிரையைச் சுருக்கும் ஸ்க்லீரோதெரபிக்கோ போகும் முன் இது இன்னும் முக்கியம். உடலின் ஒரு மூலையில் அடங்கியிருந்த உறைதல் கோளாறு அப்படிப்பட்ட தலையீட்டின்போது உடல் முழுவதும் பரவிவிடக்கூடும் என்பதால், ஃபைப்ரினோஜன் மிகவும் இறங்கியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே எனாக்சபரின் தொடங்கி, சிகிச்சைக்குப் பிறகும் சில நாட்கள் தொடர்கிறார்கள். நாள்தோறும் ஊசி குத்திக்கொள்ளச் சலிப்பவர்களுக்கு ரிவரோக்சபான் போன்ற மாத்திரைகள் சிறு நோயாளர் குழுக்களில் பயன்பட்டிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரானது 1940-இல் நியூயார்க் மருத்துவர்கள் கஸபாக்கும் மெரிட்டும் விவரித்த நிலை. தொடையில் சிவந்த திட்டாகத் தொடங்கிய ரத்தக்குழாய்க் கட்டி ஓர் ஆண் குழந்தைக்கு விரைவாகப் பரவி, தோலெங்கும் ரத்தப்புள்ளிகள் தோன்றின. அவர்களின் பெயரையே தாங்கிய இந்த நிலையை, குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் செந்நிற ஹெமாஞ்சியோமாவின் சிக்கல் என்றே மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்பியது. 1997-இல் வெளியான இரு ஆய்வுகள் திசுவை மறுபடி பார்த்து, இது அந்தக் கட்டியால் வருவதே இல்லை, கபோசிஃபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா, டஃப்டட் ஆஞ்சியோமா என்ற வேறு இரு கட்டிகளால் வருவது என்று காட்டின. முதலாவது வேறு உறுப்புகளுக்குப் பரவிச் சென்று முளைப்பதில்லை. ஆனால் இருந்த இடத்தில் ஆழமாக ஊடுருவும். ஆகவே வகைப்பாட்டில் அது சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்டதாக வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே முதலில் பலியாவது பிளேட்லெட். கட்டியின் செல்களில் உள்ள போடோபிளானின் என்னும் புரதம் பிளேட்லெட்டைப் பிடித்து ஒட்டவைக்கிறது என்று கருதப்படுகிறது. 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை 50,000-க்கும், பல குழந்தைகளில் 10,000-க்கும் கீழே விழுகிறது. டெங்குக் காலங்களில் பிளேட்லெட் எண்ணிக்கையை மனப்பாடம் செய்து பழகிய நமக்கு, இந்த எண்ணைப் பார்த்ததும் "உடனே ஏற்றுங்கள்" என்றுதான் சொல்லத் தோன்றும். ரத்தக்கசிவோ அவசர அறுவை சிகிச்சையோ இல்லாதபோது ஏற்றுவது நெருப்புக்கு விறகு வைப்பதாகிவிடும்: ஏற்றிய பிளேட்லெட்டுகளும் கட்டிக்குள் சிக்கி, கட்டி இன்னும் வீங்கி இறுகும். ஹெப்பாரினும் இங்கே தவிர்க்கப்படுகிறது. சிக்கலின் வேர் த்ராம்பினில் இல்லை என்பதோடு, புதிய ரத்தக்குழாய் வளர்ச்சியை அது தூண்டக்கூடும், பிளேட்லெட் இல்லாத குழந்தைக்குக் கசிவையும் கூட்டும் என்ற அச்சமும் உண்டு. கட்டியை அடக்குவதுதான் இங்கே உறைதல் கோளாறுக்கான மருந்து. 2013-இல் வெளியான வல்லுநர் பரிந்துரை, வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த சிகிச்சையை முன்வைத்தது. இப்போது சிரோலிமஸ் பரவலாகப் பயன்படுகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்து, மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படாமல் காக்கப் பயன்பட்ட அதே மருந்துதான். கட்டி சுருங்கத் தொடங்கினால் பிளேட்லெட் தானாகவே ஏறுகிறது.

டி-டைமர் உயர்வு, ஃபைப்ரினோஜன் குறைவு என்ற இரண்டு வரிகளை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இந்த இரு நோய்களும் ஒன்றுபோலவே தெரியும். பிளேட்லெட் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதும், எம்.ஆர்.ஐ. படமும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும்தான் அவற்றைப் பிரிக்கின்றன.

இதயத்தின் இடது மேலறையில் பெரும்பாலும் வளரும் மிக்சோமாவும் ஒரு சாதாரணக் கட்டிதான். வழுவழுப்பான அதன் துணுக்குகள் பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அந்தத் துணுக்கு உறைந்த ரத்தமாக மட்டுமன்றிக் கட்டியின் திசுவாகவே இருக்கக்கூடும் என்பதால், உறைதலைத் தடுக்கும் மருந்தை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை. 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்து காட்டியதுபோல, இதயத்தைத் திறந்து அதை அகற்றுவதே வழி.

நீண்ட காலம் மருந்து எடுப்பவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. வார்ஃபரின் எடுத்தால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கீரையின் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான் என்றாலும், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் அளவைக் குலைக்கிறது. கர்ப்பம் தரிக்க விரும்புவோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், புதிய மாத்திரைகளும் கர்ப்பகாலத்துக்கு உரியவை அல்ல, எனாக்சபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. ஹெப்பாரின் வகை ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிளேட்லெட் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால், அது ஊசியாலேயே வந்த எதிர்வினையாக இருக்கலாம். உடனே வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

எத்தனை காலம் என்ற கேள்விக்கும் கட்டியே விடை சொல்கிறது. ஃபைப்ராய்டு அகற்றப்பட்டு, நசுங்கியிருந்த சிரை மீண்டும் திறந்துவிட்டால், வேறு காரணம் இல்லாதவருக்கு மொத்தத்தில் மூன்று முதல் ஆறு மாத மருந்து பெரும்பாலும் போதும். கட்டியை எடுக்க விரும்பாதவருக்கோ எடுக்க இயலாதவருக்கோ, மாதவிடாய் நின்று அது தானாகச் சுருங்கும்வரைகூட மருந்து நீளலாம். சிரைக்குறை வாழ்நாள் முழுவதும் கூடவே இருப்பது. அது உள்ளவர்களில் பலர் வலி கூடும் வாரங்களில் மட்டும் ஊசியை எடுத்து, வலி தணிந்ததும் நிறுத்தி, பயணத்துக்கும் பிரசவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்னதாக மீண்டும் தொடங்குகிறார்கள்.